நரம்புச் செல்லின் உள்ளூர் உற்பத்தி: சினாப்ஸ் தனக்கான புரதத்தை எப்படிப் பெறுகிறது?

மூளையில் ஒரு நரம்புச் செல் இன்னொன்றோடு பேசும் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். ஒரே செல்லுக்கு ஆயிரக்கணக்கில், சிலவற்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல், இப்படிப்பட்ட சந்திப்புகள் இருக்கின்றன. புதிதாக ஒன்றைக் கற்கும்போது இவற்றில் சில வலுவடைகின்றன, சில தளர்கின்றன, பெரும்பாலானவை இருந்தபடியே இருக்கின்றன. அந்த வலு சில மணி நேரத்தைத் தாண்டி நிலைக்க வேண்டுமென்றால் புதுப் புரதங்கள் தேவை. சிக்கல் தொடங்குவது இங்கேதான். புரதங்களுக்கான மரபுக் குறிப்பு டிஎன்ஏ வடிவில் உட்கருவுக்குள் இருக்கிறது. அங்கிருந்து ஆணை கிளம்பி, செல் உடலில் புரதம் தயாராகி, எல்லாக் கிளைகளுக்கும் பரவினால், வலுவாக வேண்டிய பத்து சினாப்ஸுக்கும், சம்பந்தமே இல்லாத மற்ற ஆயிரங்களுக்கும் ஒரே மாதிரிதான் பங்கு போகும். ஒரு வீட்டில் சுவிட்சைப் போட்டால் தெரு முழுக்க விளக்கு எரிவது போல.

நரம்புச் செல் இதற்குக் கண்ட வழி, உற்பத்தியையே கிளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. மரபுக் குறிப்பின் நகலான தூது ஆர்.என்.ஏ கிளைகளுக்கு அனுப்பப்படுகிறது. அதைப் படித்துப் புரதம் கோக்கும் ரைபோசோம்களும் அங்கேயே இருக்கின்றன. சினாப்ஸில் சமிக்ஞை வந்தால் அதன் பக்கத்திலேயே புரதம் உருவாகிறது. இதை விளக்குபவர்கள் பெரும்பாலும் தூரத்தைத்தான் முதல் காரணமாகச் சொல்வார்கள். தூரம் முக்கியம்தான், ஆனால் என் கணக்கில் அது பாதிக் கதை. கிளையில் புரதம் செய்ய முடிகிறது என்பதைவிட, கேட்கும்வரை செய்யாமல் இருக்க முடிகிறது என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது.

முதலில் தூரத்தையே பார்த்துவிடுவோம். ஆக்சான் என்பது சமிக்ஞையை அனுப்பும் நீண்ட கிளை. முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை இறங்கும் ஓர் ஆக்சான் சுமார் 1 மீட்டர் நீளம் இருக்கும். அதன் செல் உடலோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆக்சானுக்குள் சரக்கு இரண்டு விதமாக நகர்கிறது. சவ்வுப் பைகளில் அடைத்த பொருள்களை மோட்டார் புரதங்கள் நுண்குழல்களின் மேல் இழுத்துக்கொண்டு ஓடும். இந்த வேகம் நாளுக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும். ஆனால் செல்லின் எலும்புக்கூடாக இருக்கும் புரதங்களும், பைக்குள் அடங்காத பல நொதிகளும் நாளுக்கு ஒரு சில மில்லிமீட்டர்தான் நகரும். நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1 மீட்டர் போய்ச்சேர இரண்டே முக்கால் ஆண்டு ஆகும். சினாப்ஸில் இருக்கும் புரதங்களோ பெரும்பாலும் சில நாள்களில் சிதைந்து, அவற்றின் இடத்தில் புதியவை வருகின்றன. டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் 1984இல் இந்தப் புதிரைத்தான் எழுப்பினார்: மூலக்கூறுகள் நாள்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும்போது நினைவு மட்டும் எப்படி ஆண்டுக்கணக்கில் நிற்கிறது?

செலவுக் கணக்கும் உள்ளூர் உற்பத்திக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஒரு தூது ஆர்.என்.ஏ மூலக்கூறைத் திரும்பத் திரும்பப் படித்துப் பல பிரதிகள் புரதம் எடுக்கலாம். அத்தனை பிரதிகளையும் செய்து அனுப்புவதைவிட மூலத்தை ஒருமுறை அனுப்பிவிடுவது மலிவு. நேரமும் மிச்சம். பாலூட்டிகளின் ரைபோசோம் ஒரு விநாடிக்குச் சுமார் 5 அமினோ அமிலங்களைக் கோக்கும். நினைவோடு நெருங்கிய தொடர்புள்ள கேம்கைனேஸ்-2 ஆல்ஃபா என்ற புரதத்தில் 478 அமினோ அமிலங்கள். ஆக, ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். சினாப்ஸ் மாறும் கால அளவோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

நினைவுக்குப் புதுப் புரதம் வேண்டும் என்பது 1960களிலேயே தெரியும். புரத உற்பத்தியைத் தடுக்கும் பியூரோமைசின் என்ற மருந்தை எலிகளின் மூளையில் செலுத்திய லூயிஸ் ஃபிளெக்ஸ்னரின் குழு, அவை கற்றதை மறப்பதை 1963இல் அறிவித்தது. அதே பத்தாண்டில் பெர்னார்ட் அக்ரனாஃப் தங்கமீன்களில் இதே போன்ற விளைவைக் கண்டார். கற்கும் அந்த நேரத்தில் மீன் நன்றாகவே கற்றது. அது நீண்டகால நினைவாகப் பதியத்தான் இல்லை. இந்த மருந்துகள் நரம்புச் செல்லில் வேறு பலவற்றையும் கலைப்பவை என்ற ஆட்சேபம் இன்றுவரை இருக்கிறது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் அன்று யாரும் பெரிதாகக் கேட்காத கேள்வி வேறு: அந்தப் புரதம் செல்லின் எந்த இடத்தில் உருவாகிறது? செல் உடலில்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சில தடயங்கள் தெரியாமல் இல்லை. டேவிட் போடியன் 1965இல், சினாப்ஸ்களுக்கு அடியில் ரைபோசோம்கள் இருப்பதைக் குறிப்பிட்டிருந்தார். 1982இல் ஆஸ்வால்ட் ஸ்டீவர்டும் வில்லியம் லெவியும் இன்னும் தெளிவான படத்தைக் காட்டினார்கள். டெண்ட்ரைட் என்பது சமிக்ஞையைப் பெறும் கிளை. அதிலிருந்து சின்னச்சின்ன முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு முள்ளின் தலையிலும் பெரும்பாலும் ஒரு சினாப்ஸ் இருக்கும். அந்த முள் கிளையோடு சேரும் அடிப்பகுதியில் ரைபோசோம்கள் கொத்துக்கொத்தாக உட்கார்ந்திருந்தன. ஒரே தூது ஆர்.என்.ஏவை ஒரே சமயத்தில் பல ரைபோசோம்கள் படிக்கும்போதுதான் இப்படிக் கொத்து தெரியும். கிளையில் எங்கோ சிதறிக் கிடக்காமல் ஒவ்வொரு முள்ளின் வாசலிலும் அவை இருந்ததுதான் கண்ணை உறுத்தியது.

ஆனால் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. அங்கே உருவாகும் புரதம்தான் சினாப்ஸை மாற்றுகிறது என்று காட்ட, செல் உடலை ஆட்டத்திலிருந்து நீக்க வேண்டும். 1990களில் நடந்த சோதனைகள் இதைக் கிட்டத்தட்ட எழுத்துப்படியே செய்தன. 1996இல் ஹைஜின் காங், எரின் ஷூமன் இருவரும் எலி மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் சீவலை எடுத்து, செல் உடல்கள் இருக்கும் அடுக்கையும் சினாப்ஸ்கள் இருக்கும் அடுக்கையும் நுண்ணிய வெட்டால் பிரித்தார்கள். அப்புறம் பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் செலுத்தினார்கள். தலையறுந்த கிளைகளிலும் சினாப்ஸ்கள் வலுவடைந்தன. புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தால் வலுவடையவில்லை. செல் உடலோடு தொடர்பே இல்லாத துண்டில் புரதம் உருவாகி, அதனால் சினாப்ஸ் மாறியது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் சொல்வது கடினம்.

2000இல் கிம்பர்லி ஹூபர், மார்க் பேர் ஆகியோர் எதிர்த்திசையிலும் இதைக் காட்டினார்கள். நரம்புச் செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று குளூட்டமேட். அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதங்களில் ஒரு வகையைத் தூண்டினால் சினாப்ஸ் பலவீனமாகும். அந்தத் தளர்வுக்கும் புதுப் புரதம் வேண்டும். செல் உடலை வெட்டி நீக்கிய கிளைகளிலும் அது நடந்தது. வலுவடைய மட்டுமல்ல, தளரவும் உள்ளூர் உற்பத்தி வேண்டும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த ஏற்பியின் பெயர் கொஞ்சம் நீளம், எம்குளூஆர்5 என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பின்னால் இதை மறுபடி சந்திப்போம்.

எனக்கு மிகப் பிடித்த சோதனை வெட்டு எதுவும் தேவைப்படாத ஒன்று. 1997இல் கெல்சி மார்ட்டினும் எரிக் கான்டலும் அப்ளிசியா என்ற கடல் நத்தையின் ஓர் உணர்வு நரம்புச் செல்லைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். அதன் ஆக்சான் இரண்டாகப் பிரிந்து, தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு இயக்க நரம்புச் செல்களைத் தொட்டது. ஒரே செல், ஒரே உட்கரு, இரண்டு முகவரி. ஒரு கிளையின் சினாப்ஸ் மீது மட்டும் செரோட்டோனின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளை ஐந்து முறை பீய்ச்சியபோது, அந்தச் சினாப்ஸ் மட்டும் ஒரு நாளுக்கு மேல் வலுவாக இருந்தது, மற்றது மாறவே இல்லை. அந்த ஒரு கிளையில் மட்டும் புரத உற்பத்தியைத் தடுத்தால் மாற்றம் வரவில்லை. முகவரிச் சிக்கலை உள்ளூர் உற்பத்தி எப்படித் தீர்க்கிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்று கிடைப்பது அரிது.

அதே சோதனையில் இன்னொரு செய்தியும் உண்டு. உட்கருவில் புது மரபணுக்கள் இயங்கியாக வேண்டும், அது இல்லாமல் மாற்றம் நீடிக்காது. அதே ஆண்டில் உவே ஃபிரேயும் ரிச்சர்ட் மோரிஸும் சொன்ன அடையாளக் கருத்து இதோடு சேர்கிறது. தூண்டப்பட்ட சினாப்ஸ் தன்மேல் ஒரு தற்காலிக அடையாளத்தை வைத்துக்கொள்கிறது, செல்லில் எங்கிருந்தோ வரும் புரதத்தை அந்த அடையாளம் இருக்கும் சினாப்ஸ்கள் மட்டும் பிடித்துக்கொள்கின்றன என்றார்கள். சிலர் இதை உள்ளூர் உற்பத்திக்குப் போட்டியான விளக்கமாகப் பார்ப்பதுண்டு. அப்படிப் பார்க்கத் தேவையில்லை. செல் இரண்டையும் வைத்திருக்கிறது, எந்தப் புரதத்துக்கு எந்த வழி என்பதுதான் கேள்வி.

சரி, தூது ஆர்.என்.ஏ எப்படி வழி தெரிந்து போகிறது? ஒரு தூது ஆர்.என்.ஏவில் புரதத்துக்கான குறிப்பு முடிந்த பிறகும் ஒரு வால் பகுதி இருக்கும். அது புரதமாகப் படிக்கப்படாது. விலாசம் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் அங்கேதான். பீட்டா-ஆக்டின் என்ற எலும்புக்கூட்டுப் புரதத்தின் தூது ஆர்.என்.ஏவில் இந்த விலாசம் 54 எழுத்து நீளம். அதை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம் ஒன்று உண்டு, பெயர் இசட்பிபி1. இப்படிப் பல புரதங்களும் தூது ஆர்.என்.ஏக்களும் சேர்ந்து ஒரு துகளாக உருண்டு, மோட்டார் புரதங்களின் முதுகில் கிளைக்குப் போகின்றன. விலாசம் உண்மையிலேயே முக்கியமா என்று 2002இல் எலிகளில் சோதித்தார்கள். கேம்கைனேஸ்-2 ஆல்ஃபாவின் தூது ஆர்.என்.ஏவிலிருந்து வால் பகுதியை எடுத்துவிட்டார்கள். புரதத்தின் குறிப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. தூது ஆர்.என்.ஏ செல் உடலிலேயே தங்கிவிட்டது, சினாப்ஸ்களில் அந்தப் புரதம் வெகுவாகக் குறைந்தது, எலிகளின் நீண்டகால நினைவும் பாதிக்கப்பட்டது. செல் உடலில் செய்து அனுப்பினால் போதும் என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

இப்போது நான் முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன். அந்தத் துகள் வழியெல்லாம் வாய்மூடிப் பயணம் செய்ய வேண்டும். வழியிலேயே ரைபோசோம்கள் அதைப் படித்துவிட்டால் புரதம் தவறான இடத்தில் உருவாகும். போய்ச் சேர்ந்த பிறகும் சமிக்ஞை வரும்வரை காத்திருக்க வேண்டும். இசட்பிபி1 விலாசத்தைப் படிப்பதோடு நிற்காமல் ஆர்.என்.ஏவைப் பூட்டியும் வைக்கிறது. சேருமிடத்தில் சார்க் என்ற நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால்தான் பிடி தளர்கிறது, ரைபோசோம்கள் வேலையைத் தொடங்குகின்றன.

இந்தப் பூட்டு எவ்வளவு இறுக்கமானது என்பதை ராபர்ட் சிங்கரின் ஆய்வகம் 2014இல் காட்டிய விதம் ரசிக்கத்தக்கது. கிளைகளில் பீட்டா-ஆக்டின் தூது ஆர்.என்.ஏ மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணும் முறையை அவர்கள் வைத்திருந்தார்கள். பதப்படுத்திய செல்லில் புரதங்களைச் செரிக்கும் நொதியைப் போட்டு மறுபடி எண்ணியபோது, முன்பு தெரியாத மூலக்கூறுகள் ஏராளமாகத் தென்பட்டன. அத்தனையும் புரதப் போர்வைக்குள் ஒளிந்திருந்தன, ஆர்.என்.ஏவை அடையாளம் காட்ட ஆய்வாளர்கள் ஒட்டும் குறிமூலக்கூறுகூட உள்ளே நுழைய முடியாத அளவுக்கு. நரம்புச் செல்லைத் தூண்டினால், எந்த நொதியும் போடாமலே, அந்தப் போர்வை சில நிமிடங்களுக்கு விலகி ஆர்.என்.ஏ வெளியே தெரிந்தது. ரைபோசோம்களும் அதே மாதிரி ஒளிந்து வெளிப்பட்டன. கிளையில் இருப்பு நிறைய இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி பூட்டியே கிடக்கிறது என்பதற்கு இது நல்ல காட்சி.

2012இல் ஷூமனின் குழு எலியின் ஹிப்போகேம்பஸில் செல் உடல்கள் இல்லாத அடுக்கை மட்டும் தனியாக எடுத்துப் பட்டியலிட்டது. அதில் 2,550 வகைத் தூது ஆர்.என்.ஏக்கள் டெண்ட்ரைட்களிலும் ஆக்சான்களிலும் இருப்பவை என்று கண்டார்கள். ஏற்பிகள், அயனி வாயில்கள், சட்டகப் புரதங்கள், சிக்னல் நொதிகள் என்று சினாப்ஸுக்கு வேண்டிய ஏறக்குறைய எல்லா வகையும் அதில் இருந்தன. இத்தனை வகைகளும் ஒரே சமயத்தில் வாய்திறந்தால் என்ன ஆகும்?

அந்தக் கேள்விக்கு ஒரு நோய் பதில் சொல்கிறது. ஃபிரஜைல் எக்ஸ் நோய்க்குறி பரம்பரையாக வரும் அறிவுத்திறன் குறைபாடுகளில் மிகப் பரவலானது; ஆட்டிசத்தோடும் இதற்குத் தொடர்பு உண்டு. இதற்குக் காரணமான எஃப்எம்ஆர்1 மரபணு 1991இல் கண்டறியப்பட்டது. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணுவில் சி-ஜி-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். அது 200 முறையைத் தாண்டினால் மரபணுவே அணைந்துபோகிறது, எஃப்எம்ஆர்பி என்ற புரதம் உருவாவதில்லை. அந்தப் புரதத்தின் வேலை என்ன? நூற்றுக்கணக்கான தூது ஆர்.என்.ஏக்களோடு ஒட்டிக்கொண்டு, ரைபோசோம்கள் அவற்றைப் படிப்பதைத் தடுப்பது. சில சமயம் படித்துக்கொண்டிருக்கும் ரைபோசோமையே பாதிவழியில் நிறுத்திவைப்பது. அதாவது இந்த நோயில் பழுதாவது பிரேக். கிளைகளில் புரத உற்பத்தி குறைவதில்லை, மிகுந்துபோகிறது. எஃப்எம்ஆர்பி இல்லாத எலிகளில் எம்குளூஆர்5 வழியாக வரும் சினாப்ஸ் தளர்வு வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததை 2002இல் ஹூபரும் பேரும் கண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், எஃப்எம்ஆர்பியின் தூது ஆர்.என்.ஏவும் சினாப்ஸ் அருகே இருக்கிறது, அதே ஏற்பி தூண்டப்பட்டால் அங்கேயே உருவாகிறது. உற்பத்தியைத் தொடங்கும் சமிக்ஞையே அதை நிறுத்தும் கருவியையும் சேர்த்துச் செய்துகொள்கிறது.

இதிலிருந்து பிறந்த சிகிச்சை யோசனை நேரானது. பிரேக் இல்லையென்றால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்போம், அதாவது எம்குளூஆர்5 ஏற்பியைக் கட்டுப்படுத்துவோம். 2007இல் வெளியான ஆய்வில், அந்த ஏற்பியின் அளவை மரபணு வழியாகப் பாதியாக்கிய எலிகளில் பல குறைகள் சரியாயின. மனிதர்களில் மாவோகுளூரன்ட், பாசிம்குளூரன்ட் என்ற மருந்துகளைச் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அளவுகோல்கள் சரியில்லை, சிகிச்சை தொடங்கிய வயது பிந்திவிட்டது, நாள்பட உடல் மருந்துக்குப் பழகிவிடுகிறது என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. என் பார்வையில் இதில் இன்னொன்றையும் சேர்க்கலாம்: ஒவ்வொரு சினாப்ஸிலும் தனித்தனியே, தேவைப்பட்ட நிமிடத்தில் மட்டும் பிடித்து விடும் பிரேக்குக்குப் பதிலாக, மூளை முழுவதையும் மணிக்கணக்கில் ஒரே மாதிரி நனைக்கும் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தோம். முகவரிச் சிக்கல் மருந்துக்கும் உண்டு.

ஆக்சான் பக்கம் இதே கதை இன்னும் தாமதமாகத்தான் ஏற்கப்பட்டது. பாலூட்டிகளின் முதிர்ந்த ஆக்சானில் புரத உற்பத்தியே கிடையாது என்பது நீண்ட காலம் பாடநூல் வாசகம். அங்கே ரைபோசோம் கொத்துகள் கண்ணில் படாததுதான் காரணம். வளரும் ஆக்சான்களில் இது பொய் என்று 2001இல் கிறிஸ்டின் ஹோல்ட் காட்டினார்: தவளை விழித்திரையிலிருந்து வளர்ந்து வரும் ஆக்சான் நுனியைச் செல் உடலிலிருந்து அறுத்துவிட்ட பிறகும், வழிகாட்டும் வேதிப்பொருளைக் கண்டு அது திரும்பியது. புரத உற்பத்தியைத் தடுத்தால் திரும்பவில்லை. முதிர்ந்த மூளைக்கு 2019இல் பதில் வந்தது. திசுவை உப்பவைத்துப் பெரிதாக்கிப் பார்க்கும் முறையைப் பயன்படுத்திய ஷூமனின் குழு, சமிக்ஞை அனுப்பும் பக்கத்து முனைகளிலும் 75 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் ரைபோசோம்கள் இருப்பதைக் கண்டது. அடுத்த ஆண்டு அதே குழு சொன்ன செய்தி பழைய குழப்பத்துக்கும் விடை தந்தது. சினாப்ஸ் அடுக்குகளில் பல தூது ஆர்.என்.ஏக்களை ரைபோசோம்கள் கொத்தாக அல்லாமல் ஒற்றையாகவே படிக்கின்றன. கொத்தைத் தேடிய கண்களுக்கு ஒற்றை தெரியாமல் போயிருக்கிறது.

கிளையில் புரதம் செய்வதற்கு எல்லா வசதியும் இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. சவ்வில் பதிய வேண்டிய ஏற்பிகளுக்கு மெருகேற்றும் கோல்கை உறுப்பு பெரும்பாலான டெண்ட்ரைட்களில் அரிது. 2016இல் வெளியான ஒரு ஆய்வு இதைச் செல் எப்படிச் சமாளிக்கிறது என்று காட்டியது: பல நரம்புச் செல் ஏற்பிகள் முழு மெருகு இல்லாமலேயே, கோல்கையைத் தாண்டிச் சவ்வுக்குப் போய்விடுகின்றன. ஆற்றலுக்கு அருகிலுள்ள மைட்டோகாண்ட்ரியா பொறுப்பு. ஒரு சிறு பகுதியின் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் செயலிழக்கச் செய்தால் அந்தப் பகுதியில் மட்டும் புரத உற்பத்தி நிற்கிறது.

போக்குவரத்து கெடும்போது வரும் நோய்கள் இப்போது கவனம் பெறுகின்றன. 2019இல் கண்டறிந்தபடி, தூது ஆர்.என்.ஏ துகள்கள், செல்லின் கழிவைச் செரிக்கும் பைகளான லைசோசோம்களில் தொற்றிக்கொண்டு ஆக்சானில் நெடுந்தூரம் போகின்றன. இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறு அனெக்சின் ஏ11 என்ற புரதம். இயக்க நரம்புச் செல்கள் அழியும் ஏஎல்எஸ் நோயாளிகள் சிலரிடம் அந்த அனெக்சினின் மரபணுவில் பிழை இருப்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. அந்தப் பிழையுள்ள புரதத்தால் கட்டு சரியாக விழுவதில்லை. உடலிலேயே மிக நீண்ட ஆக்சான்களைக் கொண்ட செல்கள் முதலில் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.